புதிதாக டீம் மீட்டிங் நடத்தப் போகிறவருக்கு

டீம் லீட் ஆன முதல் வாரத்திலேயே உங்கள் காலண்டரில் ஒரு மீட்டிங் வந்து உட்கார்ந்திருக்கும். இத்தனை நாள் அதில் ஓரமாக இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள், இனி நீங்கள்தான் நடத்த வேண்டும். எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முன்பு இருந்தவர் எப்படி நடத்தினாரோ அப்படியே நாமும் தொடங்குகிறோம், அவருடைய பழக்கங்கள் எல்லாம் நமக்கும் ஒட்டிக்கொள்கின்றன. நானும் அப்படித்தான் தொடங்கினேன். நல்ல மீட்டிங் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிய சில வருடங்கள் ஆயின. அந்த வருடங்களை உங்களுக்கு மிச்சப்படுத்தலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. எட்டுப் பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அது எட்டு மணி நேர வேலை. ஒருவருடைய ஒரு முழு நாள். வாரா வாரம் நடந்தால் வருடத்துக்கு 52 நாள். வாரத்துக்கு ஐந்து வேலை நாள் என்று வைத்தால், ஓர் ஆள் பத்து வாரத்துக்கும் மேல் செய்திருக்கக்கூடிய வேலை அது. இதைச் சொல்வது மீட்டிங்கே கூடாது என்பதற்காக இல்லை. அவ்வளவு நேரத்தை மற்றவர்களிடமிருந்து வாங்குகிறோம், அதற்கு ஈடாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு நடத்துபவருக்கு இருக்க வேண்டும், அதற்காகத்தான்.

முதல் படி: இது தேவையா என்று பாருங்கள்

இன்வைட் அனுப்பும் முன் ஒரு தாளில் இந்த வாக்கியத்தை எழுதுங்கள்: "இந்த மீட்டிங் முடியும்போது ________ முடிவாகியிருக்கும்." அந்த இடத்தை நிரப்ப முடிந்தால் மீட்டிங் வையுங்கள். முடியாவிட்டால் இன்னும் யோசிக்க வேண்டியது இருக்கிறது என்று அர்த்தம். எட்டுப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்த யோசனையைத் தொடங்கக் கூடாது.

பல சமயம் எழுதிப் பார்க்கும்போதே விஷயம் தெளிந்துவிடும். எல்லாருக்கும் ஒரு தகவல் சொல்லத்தான் வேண்டுமென்றால் ஒரு மெயில் போதும். ஒரே ஒருவருடைய சம்மதம் வேண்டுமென்றால் அவருக்கு ஒரு போன். யார் யார் எந்த வேலையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால், ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லலாம். பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து யோசித்தால்தான் நகரும் என்கிற விஷயத்துக்குத்தான் மீட்டிங். இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, ஒரு வேலை ஏன் கெட்டுப்போனது என்று கண்டுபிடிப்பது, ஒருவருடைய வேலை இன்னொருவருடையதில் இடிக்கிற இடத்தைச் சரிசெய்வது மாதிரியான விஷயங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கெட்ட செய்தியை மெயிலில் அனுப்பாதீர்கள். ஒரு திட்டம் கைவிடப்படுகிறது, ஒருவர் டீமை விட்டுப் போகிறார் என்றால், முடிவெடுக்க எதுவும் இல்லாவிட்டாலும் எல்லாரையும் கூப்பிட்டு முகம் பார்த்துச் சொல்லுங்கள். கேள்வி கேட்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்.

இரண்டாவது படி: யாரைக் கூப்பிடுவது

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், அந்த முடிவைச் செய்து முடிக்கப் போகிறவர், மற்றவர்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்தவர். இந்த மூன்றில் ஒன்றில் வருகிறவர்களை மட்டும் கூப்பிடுங்கள். மற்றவர்களுக்கு மினிட்ஸ், அதாவது மீட்டிங்கில் எடுத்த குறிப்பு, போனால் போதும்.

ஆள் கூடக்கூடப் பேச்சு ஏன் சிக்கலாகிறது என்பதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. ஐந்து பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசக்கூடிய ஜோடிகள் 10. எட்டுப் பேர் என்றால் 28. பத்துப் பேர் என்றால் 45. ஆள் இரட்டிப்பானால் சிக்கல் நாலு மடங்குக்கும் மேலே போகிறது. முடிவெடுக்கும் மீட்டிங்குக்கு ஆறேழு பேரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் அனுபவம்.

கூப்பிடாவிட்டால் வருத்தப்படுவார்களே என்ற தயக்கம் வரும். நியாயமான தயக்கம்தான். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "இதில் உங்கள் வேலையைத் தொடுகிற விஷயம் இல்லை, அதனால் உங்கள் நேரத்தை எடுக்கவில்லை. மினிட்ஸ் அனுப்புகிறேன். வரணும்னு தோன்றினால் தாராளமாக வாங்க." இப்படிச் சொன்ன பிறகு வர வேண்டும் என்று நினைப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் வர முடியாது என்றால் மீட்டிங்கைத் தள்ளி வையுங்கள். அவர் இல்லாமல் பேசினால், அவர் வந்ததும் அதே பேச்சை இன்னொரு முறை பேச வேண்டியிருக்கும்.

மூன்றாவது படி: அஜெண்டாவைக் கேள்வியாக எழுதுங்கள்

இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலும் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான அஜெண்டாக்கள் இப்படி இருக்கும்:

"வாடிக்கையாளர் புகார்கள் – 20 நிமிடம்."

இதைப் படிக்கிறவர் என்ன தயார் செய்துகொண்டு வருவார்? ஒருவர் புகார்களின் எண்ணிக்கையோடு வருவார், இன்னொருவர் போன வாரம் வந்த ஒரு கோபமான கடிதத்தோடு வருவார், மூன்றாமவர் வெறுங்கையோடு வருவார். இருபது நிமிடமும் எதைப் பேசுவது என்பதிலேயே போய்விடும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"விடுமுறை நாளில் வரும் புகார்களுக்கு அன்றே பதில் சொல்ல முறை வைத்து ஆள் போடுவதா, அடுத்த வேலை நாள் காலை வரை காத்திருக்கச் சொல்வதா? 20 நிமிடம். முடிவு சொல்ல வேண்டியவர்: சேவைப் பிரிவு மேனேஜர். கடந்த மூன்று மாத விடுமுறை நாள் புகார்களின் பட்டியல் இணைப்பில் இருக்கிறது."

இதைப் படித்ததுமே ஒவ்வொருவர் மனதிலும் ஒரு பதில் ஓடத் தொடங்கும். கேள்வி அந்த வேலையைச் செய்யும், தலைப்பு செய்யாது.

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு கேள்வி, மிஞ்சினால் மூன்று. கடினமானதை முதலில் வையுங்கள். "சின்னதை எல்லாம் முதலில் முடிச்சிட்டு அப்புறம் பெரிசுக்கு வரலாம்" என்று தோன்றும், ஆனால் அப்படித் தொடங்கினால் பெரியதற்கு நேரமே மிஞ்சாது. பார்கின்சன் என்ற வரலாற்றாசிரியர் 1957-ல் இதைப் பற்றி ஒரு கற்பனைக் காட்சி எழுதினார். ஒரு குழுவின் முன் அணு உலைத் திட்டம் வருகிறது. ஒருவருக்கும் முழுதாகப் புரியவில்லை, சில நிமிடங்களில் ஒப்புதல் ஆகிவிடுகிறது. அடுத்து ஊழியர்களின் சைக்கிளுக்கு ஒரு கொட்டகை. கொட்டகை எல்லாருக்கும் தெரியும், எல்லாரிடமும் கருத்து இருக்கிறது, முக்கால் மணி நேரம் ஓடுகிறது. நான் உட்கார்ந்த எத்தனையோ மீட்டிங்குகளில் கொட்டகைதான் ஜெயித்திருக்கிறது. அதனால்தான் கடினமான கேள்வியை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

படிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் ஒரு நாள் முன்பே அனுப்புங்கள். அனுப்பினாலும் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். அவர்கள் மீது கோபப்பட வேண்டாம், எல்லாருக்கும் வேலை இருக்கிறது. அதற்குப் பதிலாக, மீட்டிங்கின் முதல் ஐந்து, பத்து நிமிடங்களை அங்கேயே அமைதியாகப் படிப்பதற்கு ஒதுக்குங்கள். அமேசானில் 2004-ல் ஜெஃப் பெசோஸ் மேல்மட்ட மீட்டிங்குகளில் ஸ்லைடுகளை நிறுத்திவிட்டு, ஆறு பக்கத்துக்கு மிகாத குறிப்பை எல்லாரும் உட்கார்ந்து படித்துவிட்டுப் பேசும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். நமக்கு ஆறு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். முதல் தடவை அறையில் எல்லாரும் தலை குனிந்து படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். அப்புறம் பேசத் தொடங்கியதும், எல்லாரும் ஒரே இடத்திலிருந்து பேசுவது உங்களுக்கே தெரியும்.

நேரம் குறிக்கும்போது ஒரு மணிக்குப் பதில் 50 நிமிடம், அரை மணிக்குப் பதில் 25 நிமிடம் என்று வையுங்கள். கூகுள் காலண்டரிலும் அவுட்லுக்கிலும் இதைத் தானாகவே செய்ய ஒரு செட்டிங் இருக்கிறது. அடுத்த மீட்டிங்குக்கு ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் குடிக்கவாவது நேரம் கிடைக்கும்.

நான்காவது படி: தொடங்கும் முதல் இரண்டு நிமிடம்

சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். "இன்னும் ரெண்டு பேர் வரட்டும்" என்று காத்திருந்தால், நேரத்துக்கு வந்தவர்களைத்தான் தண்டிக்கிறோம். அவர்களும் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கழித்து வரப் பழகுவார்கள். தாமதமாக வருகிறவருக்காக முதலிலிருந்து சொல்லவும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் மெதுவாகச் சொல்லிக்கொள்வார்.

தொடக்கத்தில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இன்று எந்தக் கேள்விக்கு விடை வேண்டும், எத்தனை மணிக்கு முடிப்போம், கடைசி முடிவை யார் எடுப்பார். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கருத்துக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள், முடிவு உங்களுடையது என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்பதாக நினைத்துப் பேசியவர்கள், கடைசியில் லீட் தனியாக ஒன்றை அறிவித்தால் மனம் உடைந்துபோவார்கள்.

குறிப்பு எழுத ஒருவரை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நடத்துபவரே எழுதினால் இரண்டும் கெடும். இதை வாரம் ஒருவராக முறை மாற்றுங்கள். கவனித்துப் பார்த்தால், பல டீம்களில் வந்து சேர்ந்த புதியவரோ, அறையில் இருக்கும் ஒரே பெண்ணோதான் எப்போதும் எழுதிக்கொண்டிருப்பார். எழுதுகிறவரால் பேச முடியாது. ஒரே ஆளை வாரா வாரம் எழுத வைப்பது அவருடைய வாயை வாரா வாரம் கட்டுவது மாதிரி.

ஐந்தாவது படி: பேச வைப்பது, கேட்பது

இதுதான் கஷ்டமான படி. ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற வேண்டியிருந்தது. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். நான் தொடங்கினேன்: "அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரியே மாத்திடலாம்னு நினைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" ஒரு நொடி, இரண்டு நொடி. யாரும் பேசவில்லை. "சரி, அப்போ வெள்ளிக்கிழமை" என்று முடித்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்த மீட்டிங் அது, எனக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளி இரவு பாதி வழியில் எல்லாம் நின்றது. பழைய பதிவுகளில் சிலவற்றில் தேதி வேறு முறையில் எழுதப்பட்டிருந்தது, புதிய மென்பொருள் அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் டீமில் பாதிப் பேர் வீட்டுக்குச் சரியாகப் போகவில்லை. திங்கள்கிழமை, டீமிலேயே இளையவர் என் மேசைக்கு வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "அந்தத் தேதி விஷயம் எனக்குத் தெரியும். சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கறதுக்குள்ள மீட்டிங் முடிஞ்சிடுச்சு."

அவர் மேல் தவறில்லை. நான் என் விருப்பத்தை முதலில் சொல்லிவிட்டேன். அப்புறம் கேட்ட கேள்வியும், எதிர்க்க விரும்புகிறவரை மட்டும் எழுந்து நிற்கச் சொல்கிற கேள்வி.

மனிதர்கள் இதில் எவ்வளவு பலவீனமானவர்கள் என்பதை 1950-களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் சோதித்துக் காட்டினார். ஒரு கோடு, பக்கத்தில் மூன்று கோடுகள், எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும். தனியாகப் பதில் சொன்னவர்கள் தவறியதே இல்லை எனலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்ட ஆட்கள் வரிசையாக ஒரே தவறான பதிலைச் சொன்ன பிறகு கேட்டபோது, பதில்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கூட்டத்தோடு சேர்ந்து தவறாக வந்தது. கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இப்படி என்றால், லீட் சொன்ன தேதியை ஒரு புதியவர் எப்படி மறுப்பார்? அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டாலும், மற்றவர் தவறுக்கு இணங்குவது பெரிதும் குறைந்துவிட்டது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கேள்வியைச் சொல்லிவிட்டு, பேசும் முன் மூன்று நிமிடம் ஆளுக்கு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவராக எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். அனுபவம் குறைந்தவர் முதலில், மூத்தவர் பின்னால், நீங்கள் கடைசியில். எழுதியதை வாசிப்பது எதிர்த்துப் பேசுவதைவிட எளிது. "ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்காமல், "இது வெள்ளிக்கிழமை கெட்டுப்போனால் எதனால் கெட்டுப்போகும்? ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுங்க" என்று கேளுங்கள். குறை சொல்வதே அப்போது எல்லாருடைய வேலையும் ஆகிவிடும். தேதி விஷயம் அன்றே வெளியே வந்திருக்கும்.

கேள்வி கேட்ட பிறகு அமைதியைப் பொறுத்துக்கொள்ளப் பழகுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நடத்துபவருக்கு அது ஒரு யுகம் மாதிரி இருக்கும், யோசிக்கிறவருக்கு அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

பேச்சு வேறு பக்கம் போகும், நிச்சயமாகப் போகும். அப்போது சொல்வதற்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "இது பேச வேண்டிய விஷயம்தான். ஓரமா எழுதி வைக்கிறேன், இன்னைக்கு உள்ள கேள்விக்கு வருவோம்." சொல்லிவிட்டு எல்லாரும் பார்க்கும்படி உண்மையிலேயே எழுதுங்கள், மீட்டிங் முடிவில் அதை எப்போது பேசுவது என்று சொல்லுங்கள். எழுதாமல் வாயால் மட்டும் தள்ளிவைத்தால், அந்த விஷயத்தைக் கிளப்பியவர் அடுத்த முறை விடமாட்டார்.

ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், அவர் மூச்சு விடும் இடத்தில் அவர் சொன்னதை ஒரே வரியில் திருப்பிச் சொல்லுங்கள்: "அதாவது செலவு கூடினாலும் பரவாயில்லை, தாமதம் ஆகக் கூடாதுங்கிறீங்க, சரியா?" தன் கருத்து பதிவாகிவிட்டது என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள். திரும்பத் திரும்பப் பேசுகிறவர்களில் பலர், கேட்கப்படவில்லை என்ற நினைப்பில்தான் பேசுகிறார்கள். இரண்டு பேர் மட்டும் நுணுக்கத்தில் இறங்கிவிட்டால், "நீங்க ரெண்டு பேரும் மதியம் உட்கார்ந்து பேசி முடிவைச் சொல்லுங்க" என்று மற்றவர்களை விடுவித்துவிடுங்கள்.

யாருடைய தவறையாவது சுட்டிக்காட்ட வேண்டியிருந்தால் தனியாகச் சொல்லுங்கள். ஒருவரை எல்லார் முன்னாலும் குறுக்கு விசாரணை செய்தால், அன்றோடு அந்த டீமில் உண்மை பேசுவது நின்றுவிடும்.

ஆறாவது படி: கடைசி ஐந்து நிமிடம்

எவ்வளவு சூடான விவாதமாக இருந்தாலும், முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். எடுத்த முடிவுகளைச் சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார், என்ன, எந்த நாளுக்குள் என்று மூன்றும் இருக்க வேண்டும்.

நம் மொழியிலேயே ஒரு வசதியான பொறி இருக்கிறது. "பண்ணிடலாம்", "பார்த்துக்கலாம்", "கேட்டுடலாம்". இந்தச் சொற்களில் ஆளும் இல்லை, நாளும் இல்லை. எல்லாரும் தலையாட்டிவிட்டு, வேறு யாரோ செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். குறிப்பெழுதுகிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: "லாம்" என்று முடிகிற வாக்கியம் காதில் விழுந்தால் உடனே "யார்?" என்று கேட்க வேண்டும். "சப்ளையரிடம் கேட்டுடலாம்" என்பது "நான் புதன் மாலைக்குள் சப்ளையரிடம் விலை கேட்டு எல்லாருக்கும் எழுதுகிறேன்" என்று ஒருவர் வாயிலிருந்து மாறி வரும் வரை அது முடிவாகாது. ஒரு வேலைக்கு ஒரு பெயர். "நாங்க ரெண்டு பேரும்" என்றால், அதில் யார் பொறுப்பு என்று கேளுங்கள். எந்த நாளுக்குள் என்பதை அவரே சொல்லட்டும். நீங்கள் திணித்த தேதியைவிட அவர் சொன்ன தேதியை அவர் காப்பாற்றுவார்.

முடிவு எட்டவில்லை என்றால் அதையும் வாசியுங்கள்: எது தெரிந்தால் முடிவெடுக்க முடியும், அதை யார் கண்டுபிடிப்பார். சீக்கிரம் முடிந்துவிட்டால் எழுந்து போய்விடுங்கள், மிச்ச நேரத்தை நிரப்ப வேண்டாம்.

ஏழாவது படி: முடிந்த பிறகு

அன்றைக்கே மினிட்ஸ் அனுப்புங்கள். அரைப் பக்கம் போதும். யார் என்ன பேசினார்கள் என்பதை யாரும் படிப்பதில்லை. முடிவு, அதற்கான காரணம் ஒரு வரி, வேலைகளின் பட்டியல். காரணத்தை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து "இதை ஏன் இப்படிச் செய்தோம்?" என்று ஒருவர் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் இன்னொரு மீட்டிங்கைத் தவிர்க்கும். அடுத்த மீட்டிங்கை அந்தப் பட்டியலை வாசித்துத் தொடங்குங்கள். இரண்டு வாரம் இப்படி நடந்தால், தன் பெயர் வாசிக்கப்படும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், நீங்கள் துரத்த வேண்டியிருக்காது.

தினமும், வாரா வாரமும், ஆன்லைனிலும்

தினசரி மீட்டிங் இருந்தால் 15 நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள். மென்பொருள் டீம்கள் பலவும் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற வேலை முறையிலும் அதுதான் வரம்பு. அது மேனேஜருக்கு ஒப்பிக்கும் இடமாகிவிடக் கூடாது. எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன், யாருடைய கை வேண்டும் என்று டீம் தனக்குள் பேசிக்கொள்ளும் இடமாக இருக்க வேண்டும். பேசுகிறவர்களின் கண் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு வாரம் நீங்கள் போகாமல் இருந்து பாருங்கள்.

ஆன்லைனில் நடத்தும்போது, பேசாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், எழுதும் மூன்று நிமிடத்துக்கு சாட் (chat) வசதியைப் பயன்படுத்துவதும் நன்றாக வேலை செய்யும். எல்லாரும் எழுதி வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும், அப்போதுதான் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்ற மாட்டார்கள். பாதிப் பேர் அறையிலும் பாதிப் பேர் திரையிலும் இருந்தால், ஒவ்வொரு கேள்விக்கும் திரையில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் அறைக்குள்ளேயே பேச்சு முடிந்துவிடும்.

வாரா வாரம் வரும் மீட்டிங்கைக் காலண்டரில் போடும்போது முடிவுத் தேதி ஒன்றும் போடுங்கள், மூன்று மாதம் போதும். அந்தத் தேதி வந்ததும் தானாகவே நின்றுவிடும், வேண்டுமென்றால் திரும்பத் தொடங்க வேண்டும். நாங்கள் அப்படி ஒரு திங்கள்கிழமை மீட்டிங்கை நிறுத்திப் பார்த்தோம். மூன்றாவது வாரம் ஒருவர் வந்து, "அந்த மீட்டிங்ல கடைசி பத்து நிமிஷம் மட்டும் வேணும், அப்பதான் அடுத்த டீம் என்ன கேக்கறாங்கன்னு தெரியும்" என்றார். இப்போது அது பத்து நிமிடம்தான், நின்றுகொண்டே பேசிவிட்டுக் கலைகிறோம்.